காலரின் உட்புறம் நீல நூல்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் வராமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நீ நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நானும் அக்கா குடும்பமும் சௌக்கியம். இது இந்தக் கடிதத்தின் ஐந்தாவது பிரதி. முதல் பிரதியை மூட்டுவலியில் ஆரம்பித்தேன். இரண்டாவதில், அம்மாவின் மூக்குக்கண்ணாடி இன்னும் டிவி மேலேயே இருக்கிறது, எடுக்க மனம் வரவில்லை என்று எழுதினேன். மூன்றாவதும் நான்காவதும் அந்த ரகம்தான். எல்லாம் நிஜம்தான், ஆனால் எதற்காக அதை முதல் வரியில் வைக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. எதைச் சொன்னால் எதிரே இருப்பவருக்குத் தொண்டை அடைக்கும் என்று பார்த்துப் பார்த்துச் சொல்வதையே இருபத்தைந்து வருடம் வேலையாகச் செய்தவன், கை தானாக அங்கேதான் போகிறது. நான்கையும் கிழித்துப் போட்டேன். கிழித்ததை உனக்குச் சொல்வதுகூட ஒரு வித்தைதானோ என்னவோ, இருந்தால் பொறுத்துக்கொள், இதற்கு மேல் சுத்தமாக எனக்கு எழுத வரவில்லை.

முதலில் வீட்டுச் சேதி. அக்கா ஞாயிறு தவறாமல் வந்து என்னைத் திட்டிவிட்டுப் போகிறாள். சமையலறை டப்பா எல்லாவற்றிலும் இது சர்க்கரை, இது உப்பு என்று காகிதம் ஒட்டி வைத்திருக்கிறாள், நான் ஒருநாள் டீயில் உப்பைப் போட்டுக் குடித்ததை அவள் மகள் போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். அந்தக் குட்டிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, பேசினால் காற்றுதான் வருகிறது, ஆனால் தாத்தா வடிக்கிற சோறு ஒட்டிக்கொள்கிறது என்பதை மட்டும் தெளிவாகச் சொல்கிறாள். மாப்பிள்ளை வேலை மாறி ஒரு கிடங்கில் மேற்பார்வைக்குச் சேர்ந்திருக்கிறார், விடிவதற்குள் கிளம்பிவிடுகிறார். உன் அறையில் ஜன்னல் சரியாக மூடுவதில்லை, குளிர் உள்ளே வருகிறது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாயே, வீட்டுக்காரர் சரி செய்து கொடுத்தாரா? இல்லையென்றால் வாயைத் திறந்து கேள். கேட்காமல் சகித்துக்கொள்கிற குணம் உனக்கு உன் அம்மாவிடமிருந்து வந்தது. உன் சேதி எல்லாம் எனக்கு அவள் வழியாகத்தான் வரும். உன் போன் வந்தால் ஸ்பீக்கரில் போடச் சொல்லிச் சைகை காட்டுவேன், போட்ட அடுத்த நிமிடம் நீ கண்டுபிடித்துவிடுவாய், உன் பேச்சு சுருங்கிப்போகும். அவள் போனபிறகு இந்த எட்டு மாதமாக அந்தப் போனும் இல்லை.

இப்போது முக்கியமான சேதி. போன மாதம் தையல்கார அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

ஏழு வருடத்துக்கு முன் நீ ஊருக்குக் கிளம்பிய காலையில், பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு என்னிடம் வந்து சொன்னாய். “அந்த அம்மாகிட்ட உண்மையைச் சொல்லுங்கப்பா. சொன்னப்புறம் எனக்குச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் அம்மாகூட மட்டும் பேசிக்கிறேன்.” அதில் நீ ஒரு வார்த்தை மாறவில்லை. அம்மா காரியத்துக்கு மூன்றாம் நாள் வந்து சேர்ந்து நான்கு நாள் இருந்தபோதும் என்னிடம் நாற்காலி வாடகை, சான்றிதழ், மருந்துப் பெட்டியை என்ன செய்வது என்பது தவிர வேறு எதுவும் பேசவில்லை. கோபமில்லை எனக்கு. ஆனால் இந்த விஷயம் எப்படி ஆரம்பித்தது என்று என் வாயால் உனக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை, நீ அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். அதனால் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

உனக்கு நான்கு வயதில் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது சுண்ணாம்பு வாளி கவிழ்ந்து உன் இடது கண்ணில் தெறித்தது. ஏழு நாள் கட்டுப் போட்டிருந்தார்கள். கட்டைப் பிரித்தால்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஏழு நாள் நான் எப்படி இருந்தேன் என்பதை எழுதப் போவதில்லை. எட்டாம் நாள் கட்டைப் பிரித்ததும் நர்ஸ் கையிலிருந்த தட்டைப் பார்த்து, அதில் பிஸ்கட் இருக்கா என்று கேட்டாய், கத்தரிக்கோலும் பஞ்சும்தான் இருந்தன. கண் தானாகவே ஆறிவிட்டது. அந்த நன்றியில்தான் அடுத்த வருடம் அதே ஆஸ்பத்திரியின் கண் வங்கியில் ஆலோசகர் வேலைக்குச் சேர்ந்தேன். வேலை என்ன என்றால், ஒரு வீட்டில் சாவு என்று தெரிந்ததும் போக வேண்டும், ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தால்தான் வேறொருவருக்குப் பொருத்த முடியும், அதற்குள் அந்த வீட்டுக்காரர்களிடம் பேசிக் கையெழுத்து வாங்க வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்தபடி, இருபது நிமிடம்தான் ஆகும், முகம் மாறாது, இரண்டு பேருக்குப் பார்வை கிடைக்கும் என்று பாடமாக ஒப்பித்தேன். போன வீட்டிலெல்லாம் போய்விட்டு வாருங்கள் என்றார்கள். ஒரு வீட்டில் துடைப்பத்தைக் கையில் எடுத்தார்கள். எங்கள் தலைமை டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, எண்ணிக்கையைச் சொன்னால் தலையாட்டுவார்கள், ஒரு ஆளைச் சொன்னால்தான் கையெழுத்துப் போடுவார்கள், கண் கிடைத்தவர்கள் யாரையாவது பற்றிச் சொல்லுங்கள் என்றார். அவர் சொன்னது நல்ல எண்ணத்தில்தான். எனக்குத்தான் அப்போது அப்படி யாரையும் தெரியாது.

ஒரு அச்சகக்காரர் வீடு. அவருடைய தகப்பனார் இறந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அவரும் முடியாது என்றுவிட்டார், எழுந்து வாசல்வரை வந்துவிட்டேன். என்ன நினைத்தேனோ திரும்பி, என் பையனுக்கு இடது கண் போயிருந்தது சார், நான்கு வயது, யாரோ ஒரு புண்ணியவான் வீட்டில் கொடுத்தார்கள், இன்று பார்க்கிறான் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகை பொய்யில்லை. ஏழு நாளும் பொய்யில்லை. யாரோ கொடுத்தார்கள் என்ற ஒன்று மட்டும்தான் பொய். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பேனாவைக் கேட்டார். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் அந்தக் கதையைச் சொல்லாமல் இருந்ததில்லை. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்றெல்லாம் பழகிப்போனது, இடது கண் என்று சொல்லும்போது விரல் தானாகப் போய் என் இடது இமையைத் தொடும். கையெழுத்து வந்துகொண்டே இருந்தது. எல்லோரும் கண்ணுக்காரர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கவும் என்னையே போட்டார்கள். அவர்கள் தரையில் இருந்தால் நீங்களும் தரையில் உட்காருங்கள், படிவத்தை வெளியே எடுக்காதீர்கள், இறந்தவர் பெயரைக் கேளுங்கள், கொஞ்ச நேரம் சும்மா இருங்கள், பிறகு உங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லுங்கள் என்பேன். அப்படி ஒரு கதை இல்லாதவர்கள் என்ன செய்வது என்று யாராவது கேட்டால் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவேன். அவர்களுக்குப் புரிந்துவிடும்.

தையல்கார அம்மா வீட்டுக்குப் போனபோது உனக்குப் பதினேழு. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடை, கடைக்குப் பின்கட்டில் வீடு. அவருக்கு இருந்தது ஒரே மகள், பத்தொன்பது வயது, பிறவியிலேயே இதயத்தில் கோளாறு, கடையில் அம்மாவோடு உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தவள். அவர் மூன்று முறை முடியாது என்றார், மற்ற எதை வேண்டுமானாலும் கேளுங்கள், கண்ணை மட்டும் கேட்காதீர்கள் என்றார். நான் உன் கதையைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து, உங்க பையன் இப்போ நல்லா படிக்கிறானா என்று கேட்டார். படிக்கிறான் என்றேன். கையெழுத்துப் போட்டார். யாருக்குப் பொருத்தினோம் என்று கொடுத்த குடும்பத்துக்குச் சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. அது அவருக்குத் தெரியும். அதனால்தான் இரண்டு மாதம் கழித்துப் பழப்பையோடு நம் வீட்டுக்கு வந்தார், என் மகள் கண் யாரிடம் இருக்கிறது என்று தெரியாது, அப்படிக் கண் வாங்கின ஒரு பிள்ளையையாவது பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். நீ அப்போதுதான் பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாய். வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரைப் படிக்கச் சொன்னார். நீ என்னைப் பார்த்தாய். நான் படி என்று தலையசைத்தேன். மாதம், தேதி, கீழே இருந்த டயர் கடை விளம்பரம், போன் நம்பர் எல்லாவற்றையும் படித்தாய். அவர் சிரித்தார், அழுதார், உன் தலையில் கை வைத்தார். அவர் போனபிறகு நீ சோப்புப் போட்டு முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாய். மகனே, நான் உனக்குச் செய்ததில் மிகக் கேவலமான காரியம் அந்தத் தலையசைப்புதான். அன்றே கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை இப்போது கேட்கிறேன்.

பிறகு வருடா வருடம், அந்தப் பெண் போன நாளில் உனக்கு ஒரு சட்டை வந்தது. அளவெடுக்காமல், பார்த்த கண்ணாலேயே தைத்துவிடுவார். மகள் உயிரோடு இருந்தபோது தான் தைத்த துணிக்கெல்லாம் அடையாளமாகக் காலரின் உட்புறம் நீல நூலில் இரண்டு சின்னத் தையல் போடுவாளாம், ஏதாவது புகார் வந்தால் யார் தைத்தது என்று தெரிய வேண்டுமே. அதே இரண்டு தையலை உன் சட்டைகளிலும் போட்டு, அவ தைச்சதாவே இருக்கட்டும் என்பார். நான் கட்டாயப்படுத்தி நீ இரண்டு முறை போட்டுக்கொண்டாய், பிறகு தொடவில்லை. நீ போனபிறகும் சட்டை நிற்கவில்லை, பிள்ளைக்கு இப்போது தொப்பை விழுந்திருக்குமா என்று என்னிடம் கேட்டு இடுப்பில் கொஞ்சம் கூட்டிக்கொண்டே வந்தார். உன் அலமாரியில் பன்னிரண்டு சட்டை சேர்ந்தது.

சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு எப்போது உறைத்தது தெரியுமா, அம்மா போன அன்றைக்கு. நீ கேட்கிற நிலையில் இல்லாததால் அப்போது சொல்லவில்லை. காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். அக்கா வருவதற்குள் என் கை பழக்கத்தில் எல்லாவற்றையும் செய்துவிட்டது, மின்விசிறியை நிறுத்தினேன், தலைக்குக் கீழே இரண்டு தலையணை வைத்தேன், இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்தேன். போன் செய்ய வேண்டியதுதான் பாக்கி. கொஞ்ச நேரம் அவள் பக்கத்தில் இருந்துவிட்டுச் செய்யலாம், நேரம் இருக்கிறது என்று உட்கார்ந்திருந்தேன். அதற்குள் யார் மூலமோ தெரிந்து எங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்துவிட்டாள். நான் பாடம் எடுத்த பெண்தான், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. என் வீடு என்றதும் பாவம் அவளுக்குக் கை கால் ஓடவில்லை, பயத்தில் பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். தரையில் உட்கார்ந்தாள். அம்மா பெயரைக் கேட்டாள், என் வீட்டில் எத்தனை முறை அம்மா கையால் சாப்பிட்டவள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு தன் வலது இமையைத் தொட்டுக்கொண்டு, “சார், என் தம்பிக்கு வலது கண்ணு போயிருந்துச்சு” என்றாள். அவளை வேலைக்குப் பார்த்துப் பேசி எடுத்ததே நான்தான். அவளுக்குத் தம்பி கிடையாது, வீட்டுக்கு ஒரே பெண்.

எல்லாம் தெரிந்தும் எனக்கு அழுகை வந்தது. அதுதான் கொடுமை. என் பாடம் என்மேலேயே வேலை செய்தது. கையெழுத்துப் போட்டேன், அவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள், இரண்டு பேருக்குப் பொருத்தியாகிவிட்டது, பார்க்கிறார்கள். ஆனால் நானாகவே கொடுத்திருப்பேன். முப்பத்தைந்து வருடம் எனக்குச் சோறு போட்டவளுக்காக நானே எழுந்து போன் செய்து, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பேன், அந்த ஒரு காரியம் எனக்கென்று இருந்திருக்கும். அந்த இல்லாத தம்பியை நடுவில் கொண்டுவந்து நிறுத்தியதால் நான் கொடுத்த மாதிரியே இல்லை, என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போன மாதிரி இருக்கிறது. இப்படித்தானே நான் எத்தனையோ வீட்டில் செய்தேன். தையல்கார அம்மா ஒருவேளை நான்காம் முறை கேட்டிருந்தால் தானாகவே கொடுத்திருப்பாரோ என்னவோ. அதைத் தெரிந்துகொள்ள நான் இடமே வைக்கவில்லை. அந்தப் பெண்ணைப் பிறகு கூப்பிட்டுப் பேசினேன், அவள் மேல் தப்பில்லை என்றேன், அவளால் அழுகையை நிறுத்த முடியவில்லை.

இவ்வளவு உறைத்தும் கடைக்குப் போக எனக்கு ஏழு மாதம் பிடித்தது. கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை. ஒரு மத்தியானம் போனேன். மேசையில் இந்த வருடத்துச் சட்டைக்குத் துணி விரித்து வைத்திருந்தார், இளம்பச்சைக் கட்டம். பிள்ளைக்கு இந்த நிறம் பிடிக்குமா என்று கேட்டார். நான் உட்காரவில்லை. நிறுத்தி நிறுத்திப் பேசவில்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னேன், என் பையனுக்கு யாரும் கண் கொடுக்கவில்லை அம்மா, அவன் கண் தானாகச் சரியானது, நான் உங்களிடம் பொய் சொன்னேன் என்றேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“அப்போ என் பொண்ணு கண்ணு? அது யாருக்காச்சும் போச்சா, இல்ல அதுவும் நீங்க சொன்னதுதானா?”

போயிற்று அம்மா, அதே வாரத்தில் இரண்டு பேருக்கு வைத்தோம், இரண்டு பேரும் பார்க்கிறார்கள் என்றேன். அதை நான் எப்படி நம்புவது என்றார். பதிவேட்டில் பெயர், தேதி எல்லாம் இருக்கிறது, காட்டக் கூடாது. இருபத்தைந்து வருடத்தில் நான் சொன்னதிலேயே பெரிய உண்மை அது, அதைச் சொல்லும்போது என் வாய்க்கு மதிப்பில்லாமல் போயிற்று. நேராக டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். விதியை மீற முடியாது என்றார், ஆனால் ஆஸ்பத்திரித் தாளில், உங்கள் மகளின் கண்கள் இரண்டு பேருக்குப் பொருத்தப்பட்டன, இருவருக்கும் பார்வை உள்ளது என்று தன் கையெழுத்தும் முத்திரையுமாக எழுதிக்கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். தையல்கார அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு எழுத்து விடாமல் படித்தார். மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். “நல்லா எழுதியிருக்காங்க” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை.

பிறகு சட்டைகளைக் கொண்டுவரச் சொன்னார். பன்னிரண்டையும் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை எடுத்து, ஒவ்வொரு சட்டையாகக் காலரைத் திருப்பி, அந்த நீல நூலை மட்டும் பிரித்தார். அவசரப்படவில்லை, துணி கிழியாமல் பிரித்தார். நூல்களை உள்ளங்கையில் சேர்த்து மிஷின் இழுப்பறையில் போட்டு மூடினார். சட்டைகளை மடித்து என் பக்கம் தள்ளினார். “இனிமே இது வெறும் சட்டைதான். எடுத்துட்டுப் போங்க” என்றார். பச்சைக் கட்டத் துணியைச் சுருட்டி மேல் தட்டில் வைத்துவிட்டு யாருடைய பாவாடையையோ தைக்க உட்கார்ந்துவிட்டார்.

வேலையை விட்டுவிட்டேன். டாக்டரம்மா போகச் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதிக்கொடுத்தேன். அந்தப் பெண் இப்போது தம்பி கதையைச் சொல்வதில்லை, உள்ளதை உள்ளபடி சொல்கிறாள், நான்கு வீட்டுக்குப் போனால் மூன்று வீட்டில் முடியாது என்கிறார்கள் என்று போன வாரம் வந்து வருத்தப்பட்டாள். காத்திருப்போர் வரிசையில் ஏழு வயதுக் குழந்தை ஒன்று இருக்கிறது சார், நான் என்ன செய்யட்டும் என்று கேட்டாள். என் பொய்யால் பார்வை வந்தவர்கள் இந்த ஊரில் பேப்பர் படித்துக்கொண்டு, சாலையைக் கடந்துகொண்டு இருக்கிறார்கள், அதையும் நான் மறக்க முடியாது. அதனால் நல்லது செய்துவிட்டேன் என்று உன்னிடம் நெஞ்சை நிமிர்த்த என்னால் முடியாது. தையல்கார அம்மாவுக்கு இருந்த ஒரே ஆறுதலையும் எடுத்துவிட்டேன் என்றுதான் தோன்றுகிறது. சொன்னப்புறம் எனக்குச் சொல்லுங்க என்றாய், சொல்லிவிட்டேன், உனக்குத் தெரிவித்துவிட்டேன் என்ற அளவில் எடுத்துக்கொள். பேசு என்று கேட்க மாட்டேன். பேசினால் சந்தோஷம் என்பதை மறைக்கவும் மாட்டேன்.

சட்டைகள் உன் அலமாரியிலேயே இருக்கின்றன. வேண்டும் என்றால் அனுப்புகிறேன், வேண்டாம் என்றால் உனக்குத் தோன்றுகிற யாருக்காவது கொடுத்துவிடுகிறேன். நூல் இருந்த இடத்தில் ஊசித் துளைகள் தெரிகின்றன. துவைத்தால் மறைந்துவிடும் என்று அக்கா சொன்னாள். மூன்று முறை துவைத்துவிட்டேன், அப்படியேதான் இருக்கின்றன.

குளிரில் தலைக்குப் போட்டுக்கொண்டு வெளியே போ. காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. உனக்கு ஒரு குறையும் வராமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று உன் அம்மா சார்பிலும் நானே வாழ்த்துகிறேன், அவள் இருந்திருந்தால் இன்னும் அழகாகச் சொல்லியிருப்பாள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, முப்பது தாண்டிவிட்டது, வருடம் ஒருமுறை கண்ணைப் பரிசோதித்துக்கொள். முன்பு கண்ணில் ஏதாவது இருந்ததா என்று அங்கே டாக்டர் கேட்டால், நான்கு வயதில் இடது கண்ணில் சுண்ணாம்பு பட்டது, ஏழு நாள் கட்டுப் போட்டிருந்தார்கள், தானாகவே சரியாகிவிட்டது என்று சொல். அவ்வளவுதான் நடந்தது.

உன் அப்பா